மரவகை

சாலொமோனுக்குக் கப்பலில் வந்திறங்கிய மரம் எது என்று யாரேனும் கேட்டால், தெரியாது என்பதே சரியான பதில். அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கொஞ்ச காலமாக இதுவே ஒரு தொந்தரவாகிவிட்டது. எபிரேய வேதத்தில் ‘அல்மக்’ என்றொரு சொல் இருக்கிறது. முதலாம் ராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில், பன்மையில், ‘அல்முக்கீம்’ என்று 3 முறை. இரண்டாம் நாளாகமத்தில் எழுத்து இடம்மாறி ‘அல்கும்மீம்’ என்று 3 முறை. வேறெங்கும் கிடையாது. ஓப்பீரிலிருந்து பொன் ஏற்றிவந்த ஈராமின் கப்பல்கள் கூடவே இந்த மரத்தையும் இரத்தினங்களையும் கொண்டுவந்தன. அரசன் அதில் ஆலயத்துக்கும் அரண்மனைக்கும் ஏதோ செய்தான், பாடகர்களுக்கு நரம்புக் கருவிகள் செய்தான். அந்த மாதிரி மரத்தை அப்புறம் ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை என்று எழுதியவரே சொல்லிக் கையை விரித்துவிடுகிறார். ‘ஏதோ’ என்று நான் எழுதியது அசட்டையால் அல்ல. அரசன் செய்தது என்னவென்று சொல்ல வருகிற இடத்தில் ராஜாக்கள் நூலில் நிற்கிற ‘மிஸ்ஆத்’ என்ற சொல், எபிரேய வேதம் முழுவதிலும் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. தாங்குவது என்ற வேரிலிருந்து வந்ததால் தூண் என்றும் ஊன்றுகால் என்றும் கைப்பிடிச் சுவர் என்றும் அவரவர் ஊகத்துக்கு எழுதினார்கள். நாளாகமக்காரர் அதே இடத்தில் வழி, பாதை என்று பொருள்படும் வேறொரு சொல்லைப் போட்டிருக்கிறார். தெரியாத மரத்தில் தெரியாத பொருள். மூலத்தை ஓரளவு அறிந்தவர்கள்கூட இந்த வசனத்தை நின்று படிக்காமல் ஷேபாவின் ராணியைப் பார்க்கப் போய்விடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு வாய் வராததற்குக் காரணம் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், பள்ளிப்பட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிற ஊர். சமுத்திரம் என்றால் இந்தப் பக்கத்தில் ஏரி; அலை கிடையாது, கப்பல் கிடையாது, மழை பொய்த்த வருஷத்தில் தண்ணீரும் கிடையாது. பால என்பது பாலா, பாலனா என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று, மாநில எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தபோது இந்த ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழ்கிற குடும்பங்கள் இந்த எல்லை நெடுக உண்டு. வேதாகமமும் அப்படித்தான், ஒரே வீட்டில் பாட்டியிடம் தமிழ்ப் புத்தகம், பேத்தியிடம் தெலுங்குப் புத்தகம். வடக்கே பார்த்தால் மலைகள். சித்தூர், திருப்பதி, கடப்பை என்று விரியும் அந்த மலைக்காடுகளில் ஒரு மரம் வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியைத் தாண்டினால் உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. தமிழில் செம்மரம், தெலுங்கில் எர்ரசந்தனம், தாவரவியலில் டெரோகார்ப்பஸ் சான்டலினஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வேதாகம அகராதிகள் பலவற்றில் ‘அல்மக்’ என்ற தலைப்பைத் திறந்தால் இந்த மரத்தின் பெயர் இருக்கும். சிலவற்றில் ‘ஒருவேளை’ என்ற சொல்லோடு. சிலவற்றில் அதுவும் இல்லாமல்.

இப்போது என் ஆசையின் கணக்கு புரிந்திருக்கும். அல்மக் செம்மரம் என்றால், செம்மரம் இந்த மலைகளில் மட்டுமே என்றால், எருசலேம் ஆலயத்தில் நின்றது எங்கள் மலையின் கட்டை. மூன்றே வரிகளில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் சாலொமோன் வந்து நின்றுவிடுகிறான். இந்தக் கணக்கை நான் மட்டும் போடவில்லை. தமிழ் மேடைகளில் இதன் அண்ணன் கணக்கு ஒன்று நீண்ட காலமாகப் புழங்குகிறது. அதே ராஜாக்கள் நூலில், அதே அதிகாரத்தில், தர்ஷீசின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கியீம்’ மயில்கள் என்றும், அந்தச் சொல் நம் தோகை என்றும் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் பேசினார். ‘அகாலீம்’ என்ற வாசனைப் பொருள் நம் அகில் என்பதும் அந்த வரிசையில் வருவது. இவை வலுவான ஊகங்கள்தாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மேடைக்கு வந்ததும் ஊகம் தன் அடக்கத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறது. துக்கியீம் மயில் அல்ல, எகிப்துச் சொல்லொன்றிலிருந்து வந்த குரங்கு வகை என்று இருபதாம் நூற்றாண்டில் வேதாகமத் தொல்லியலாளர் ஆல்பிரைட் வாதித்ததை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைய இஸ்ரேலில் துக்கி என்றால் கிளி. மயிலுக்கு வேறு சொல். தோகை அங்கே போயிருந்தால்கூட, போன இடத்தில் பறவை மாறிவிட்டது.

அல்மக்கின் கதை இதைவிட விசித்திரம். அர்த்தம் தெரியாத சொல்லை யாரும் காலியாக விட்டுவைக்கவில்லை. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஓரிடத்தில் செதுக்கு வேலையை வைத்துச் சமாளித்தார்கள், இன்னோரிடத்தில் தேவதாரு இனத்து மரம் என்றார்கள். ஜெரோம் லத்தீனில் எழுதும்போது ரோமானியச் சீமான்கள் மேசை செய்ய உயிரை விட்ட வட ஆப்பிரிக்க மரத்தின் பெயரைப் போட்டார். தன் காலத்து வாசகனுக்கு விலையுயர்ந்த மரம் என்றால் எது நினைவுக்கு வருமோ அதை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், அத்தி மரத்தைப் போல இருக்கும், அதைவிட வெண்மை, அதைவிடப் பளபளப்பு என்கிறார். பார்த்தவர் போலவே பேசுகிறார், பார்த்திருக்க வழியில்லை. வெண்மை என்ற அந்த ஒரு சொல் போதும், செம்மரக் கட்சி கலைய. பிறகு யூத ரபிகள் வந்து அது மரமே இல்லை, கடலுக்கடியில் வளரும் பவளம் என்றார்கள். பதினோராம் நூற்றாண்டில் ராஷி எழுதிய உரையும் அதையே சொல்கிறது. பவளத்தில் யாழ் எப்படிச் செய்வது என்று கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் வென்றது பவளம்தான். இன்றைய எபிரேயத்தில் அல்மோக் என்றால் பவளம். பிள்ளைகளுக்குப் பெயராகவும் வைக்கிறார்கள். பிறகு ஐரோப்பிய இந்தியவியலாளர்களின் முறை. லாசன் வல்கு என்ற வடசொல்லைக் கொண்டுவந்து சந்தனம் என்றார். மாக்ஸ் முல்லர் 1861இல் மொழியறிவியல் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் அதை எடுத்துப் பேச, ஓப்பீர் இந்தியாவுக்கு நகர்ந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலில் நின்ற மரத்தைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் நட்டிருக்கிறார்கள். நான் செம்மரத்தோடு வரிசையில் கடைசியாக நிற்கிறேன்.

தமிழ் வேதாகமம், நம் திருச்சபைகளில் பரம்பரையாகப் படிக்கப்படும் பழைய திருப்புதல், இந்த இடத்தில் ‘வாசனை மரங்கள்’ என்கிறது. தெலுங்கு வேதாகமம் சந்தன மரம் என்றே போட்டுவிட்டது. பாலசமுத்திரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். இரண்டையும் படித்த பிறகு செம்மரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். செம்மரத்துக்கு வாசனை கிடையாது. இதற்குப் புத்தகம் தேவையில்லை, மரப்பாச்சி போதும். திருப்பதிக்குப் போனவர்கள் வாங்கிவரும் ஆண் பெண் ஜோடி மரப்பாச்சி இந்த மரத்தில் கடைந்தது. கொலுவில் முதல் படியில் நிற்கும், மற்ற நாளில் குழந்தை வாயில் கிடக்கும். குழந்தைக்குச் சூட்டுக் கொப்புளமோ வீக்கமோ வந்தால் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அந்தப் பொம்மையையே உரைப்பார்கள். முதலில் கல் நனைந்த நிறம்தான் தெரியும். அழுத்தி நாலு சுற்றுச் சுற்றியதும் விளிம்பில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு எழும், பிறகு குழம்பு கூடிக்கூடி ரத்தம் போல ஆகும். விரலில் எடுத்து மோந்தால் நனைந்த மரத்தின் வாடை, அவ்வளவுதான். சந்தனக் கட்டையை உரைக்கும்போது தெருவரைக்கும் போகிற மணம் இதில் இல்லை. நாட்பட்ட வீட்டு மரப்பாச்சிகளைக் கவனியுங்கள். முகம் அப்படியே இருக்கும், பின்மண்டை ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாக இருக்கும், எத்தனை குழந்தைகளுக்கு உரைத்தார்களோ. மணமே இல்லாத இந்த மரத்துக்குத் தெலுங்கு, தமிழ், வடமொழி மூன்றும் சந்தனம் என்று பெயர் சூட்டியது ஏன் என்பது வேறொரு கேள்வி. உரைத்துப் பூசுகிற எதையும் சந்தனம் என்று அழைக்கிற பழக்கம் காரணமாக இருக்கலாம். ஐரோப்பாவுக்கும் இந்த மரம் மணத்துக்காகப் போகவில்லை, சாயத்துக்காகப் போனது. இடைக்காலச் சமையலறைகளில் பண்டத்துக்குச் சிவப்பு நிறம் ஏற்ற இதன் தூளைப் போட்டார்கள். ஆக, தமிழ் மொழிபெயர்ப்பு சரியென்றால் அல்மக் செம்மரமாக இருக்க முடியாது. மூலத்தில் வாசனை என்ற சொல் இல்லவே இல்லை என்பது ஒருபுறம்.

ஆசை லேசில் விடுமா? வாசனை போனால் என்ன, இசை இருக்கிறதே என்றது. சாலொமோன் அந்த மரத்தில் பாடகர்களுக்கு வாத்தியம் செய்தான் அல்லவா? தமிழ் மொழிபெயர்ப்பில் அவை சுரமண்டலமும் தம்புருவும் ஆகி நம் கச்சேரி மேடைக்கே வந்துவிட்டன. இன்று செம்மரத்தைத் தேடுகிற நாடுகளில் ஜப்பானும் ஒன்று. அங்கே ஷாமிசென் என்ற மூன்று நரம்புக் கருவியின் தண்டிக்கு உயர்ந்த மரமாக இதைத்தான் கருதுகிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்குக் கனமும் இறுக்கமும் உள்ள மரம், நரம்பின் இழுப்புக்கு வளையாது. சீனத்தில் சிங் வம்சத்து அரண்மனைகளின் நாற்காலிகளும் மேசைகளும் இதே மரத்தில் செய்யப்பட்டவை. அரண்மனை, வாத்தியம், கடல் வழி, அருமை. சாலொமோனின் வசனத்தில் உள்ள எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது! இப்படிப் பொருந்திய அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் யோசித்தபோது பொருத்தத்தின் லட்சணம் தெரிந்தது. இறுக்கமான எந்த மரத்திலும் வாத்தியம் செய்யலாம். நம் தஞ்சாவூர் வீணையே பலாவில்தான் கடைகிறார்கள், அதற்காக அல்மக் பலா என்று யாரும் சொல்வதில்லை. பலா எங்கும் கிடைக்கிறது என்பதால் அதன்மேல் யாருக்கும் கர்வம் இல்லை.

எதிர்ச் சாட்சி வலுவானது. நாளாகமத்தில் சாலொமோன் தீருவின் அரசனிடம் மரம் கேட்கும்போது கேதுருவோடு சேர்த்து அல்கும்மையும் லீபனோனிலிருந்து அனுப்பச் சொல்கிறான். ஓப்பீரில் கிடைப்பது லீபனோனில் எப்படி என்று உரைகாரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நாளாகமக்காரர் குழப்பிவிட்டார் என்றே பலரும் முடித்தார்கள். இந்தியச் சார்புள்ளவர்களுக்கு அது வசதியான முடிவு. ஆனால் சிரியக் கடற்கரையில் உகாரித் என்ற அழிந்த நகரம் தோண்டப்பட்டபோது கிடைத்த களிமண் ஏடுகளில் ‘அல்ம்க்’ என்று ஒரு பொருள் பட்டியலில் வந்தது. மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் ‘எலம்மக்கு’ என்ற விலையுயர்ந்த மரம் இருக்கிறது. சாலொமோனுக்குப் பல நூற்றாண்டு முந்திய ஏடுகளிலேயே வருகிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசீரிய அரசன் சனகெரிப் தன் நினிவே அரண்மனைக்குப் பயன்படுத்திய மரங்களை அடுக்கும்போது கேதுருவோடு அதையும் சேர்க்கிறான். அந்த ஊர்களுக்கு அது வடக்கு மலைகளின் மரம். மொழியறிஞர்கள் கிரீன்ஃபீல்டும் மேயர்ஹோஃபரும் 1967இல் இந்தச் சான்றுகளைச் சேர்த்து எழுதியதும் வடமொழி வேர் விழுந்தது. சொல் சிரியாவுக்கு உரியது, மரமும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தது. அது எந்த மரம்? அதற்கு மட்டும் ஏடுகளிலும் பதில் இல்லை. விலை தெரிகிறது, எங்கே பொருத்தினார்கள் என்று தெரிகிறது. இலை எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த மரத்தை யார் வர்ணிப்பார்கள்?

இந்த நிலைமை நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். அவற்றில் சிலவற்றைப் பற்றி இன்றும் தாவரவியலாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நம் அகராதிகளில் இதற்கென்றே ஒரு பொருள் எழுதும் முறை உண்டு: ‘ஓர் மரம்’, ‘பூவகை’, ‘மரவகை’. பழஞ்சொல்லொன்றைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘மரவகை’ என்ற ஒற்றைச் சொல்லில் போய் முட்டிக்கொள்ளும் எரிச்சலை அறியாத தமிழ் மாணவன் இருக்க முடியாது. எனக்கும் அது சோம்பேறித்தனமாகவே பட்டிருக்கிறது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஜெரோம் செய்யாததை, ராஷி செய்யாததை, மாக்ஸ் முல்லர் செய்யாததை அந்த அகராதிக்காரர் செய்திருக்கிறார். மரம் என்பது வரை தெரியும், அதற்குமேல் சொல்ல என்னிடம் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறார்.

என் தொந்தரவு இதோடு தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. ஆலயத்து மரத்துக்கு உரிமை கொண்டாடத் துடித்த மனம், இதே மரத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நடக்கிற மற்றப் பேச்சில் ஏன் வாயைத் திறப்பதில்லை? பாலசமுத்திரம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து செம்மரம் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து பெஞ்சில் பேச்சு நிற்கும். தெலுங்குப் பத்திரிகையில் ‘துங்கலு’ என்று வந்தால் விறகுக் கட்டை நினைவுக்கு வருவதில்லை. இத்தனை துங்கலு பறிமுதல், இத்தனை தமிழ்நாட்டுக் கூலிகள் கைது, என்றுதான் செய்தி ஓடும். முதலில் கட்டைக் கணக்கு, பிறகு ஆள் கணக்கு. 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம் இது. அதற்கப்புறமும் கடல் கடந்துகொண்டுதான் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில், சந்திரகிரிப் பக்கம் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டவர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையோர ஊர்க்காரர்கள். மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்லெறிந்து தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. முந்தின நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டுபோனவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. ஜப்பானிய வாத்தியக்காரனுக்கோ பெய்ஜிங் வியாபாரிக்கோ இந்தப் பெயர்களில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அல்மக் எத்தனை முறை வருகிறது என்பதை மனப்பாடமாகச் சொல்கிற நான், அவர்களில் ஒருவர் பெயரையும் நினைவிலிருந்து சொல்ல முடியாதவன்.

வேதாகமம் இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையாக இருக்கிறது. ராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் லீபனோனுக்குப் போன கூலிக்காரர்களின் கணக்கு இருக்கிறது. அரசன் பிடித்த கட்டாய ஆட்கள் 30,000 பேர். மாதம் 10,000 பேராக முறை வைத்து, ஒரு மாதம் காட்டில், இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்குகிறவர்கள் 70,000 பேர். மலையில் வெட்டுகிறவர்கள் 80,000 பேர். கல்லா மரமா என்பதில் பேச்சு உண்டு. ஆலயப் பெருமை பேச வந்தவர் இதை ஏன் எழுதிவைத்தார்? சாலொமோன் செத்ததும் ராஜ்யம் இரண்டாகப் பிளந்ததற்கு இந்தக் கட்டாய வேலையின் பாரமும் ஒரு காரணம் என்று அதே நூல் பிறகு சொல்கிறது. ஆனால் அல்மக்கை வெட்டியவர்களுக்கு அந்தக் கணக்கும் இல்லை. கப்பல் வந்தது, மரம் இறங்கியது. ஏதோ ஒரு மலையில் யாரோ ஏறி வெட்டி, தோளில் சுமந்து இறக்கியிருக்க வேண்டும் என்பது வசனத்தில் எங்கும் இல்லை. அந்த மலை எங்கள் மலையாக இருந்தால் எவ்வளவு பெருமை என்று நினைத்தபோது எனக்கும் அந்த யாரோ நினைவுக்கு வரவில்லை.

அல்மக் செம்மரம் அல்ல. சந்தனமும் அல்ல என்பதே என் முடிவு. சாலொமோனின் ஆலயத்துக்கு நம் மலையிலிருந்து மரம் போனது என்று இனி மேடையில் சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளட்டும். செம்மரத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் 2015இலிருந்து தொடங்கட்டும், அதற்குச் சான்று தேடி உகாரித் வரை போக வேண்டியதில்லை. தமிழ் வேதாகமத்தை அடுத்துத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த வசனங்களில் வாசனையை எடுத்துவிடுங்கள். எபிரேயச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, கீழே ‘மரவகை’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும்.